கேலரி கேப்ஷனும் சிஎஸ்எஸ்ஸும்: அடிக்கடி கேக்குத கேள்விகள்

பாளையங்கோட்டையில இருந்துக்கிட்டு கல்யாணம், கோவில் கொடை, ஆனித் தேர்னு எடுத்த படத்தையெல்லாம் கேலரி சைட்டா போட்டுக் குடுக்குத வேலை எனக்கு. படத்த ஏத்துதது ஒரு நாள் வேலைதான், அதுக்கு கீழ உள்ள ரெண்டு வரி எழுத்த, அதான் கேப்ஷன, ஒழுங்கா உக்கார வைக்கதுக்குள்ள ஒரு வாரம் ஓடிரும். ஒரே கேள்விய ஆளாளுக்கு வாட்ஸ்அப்ல கேக்கதால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சிட்டேன், இனிமே யாரு கேட்டாலும் இதத்தான் அனுப்புவேன், கோவப்படப்புடாது. இன்னொண்ணு, பக்கம் பாக்க எப்படி இருக்கணும்னு பிரவுசருக்கு சொல்லுத வரிகதான் சிஎஸ்எஸ், அதோட பேரெல்லாம் இங்க தமிழ் எழுத்துல இருக்கு, ஃபைல்ல டைப் பண்ணும்போது அதே சத்தத்துக்கு உள்ள இங்கிலீஷ் ஸ்பெல்லிங் போட்டுக்கிடுங்க.

கேப்ஷனுக்கு எந்த டேக் அண்ணாச்சி? சும்மா ஒரு டிவ் போட்டா ஆவாதா?

ஆவும், ஆனா எதுக்கு? ஃபிகர், ஃபிக்கேப்ஷன்னு இதுக்குன்னே ரெண்டு டேக் இருக்கு, 2014ல பக்கத்த எழுதுத மொழியான எச்டிஎம்எல்5 ஸ்டாண்டர்டா வந்ததுல இருந்தே. படத்தையும் ஃபிக்கேப்ஷனையும் ஒரே ஃபிகருக்குள்ள போட்டா இந்த எழுத்து இந்தப் படத்துக்கு உள்ளதுன்னு, கண்ணு தெரியாதவங்களுக்கு பக்கத்த வாசிச்சுக் காட்டுத ஸ்கிரீன் ரீடருக்கும் தெரியும், உங்க சிஎஸ்எஸ்ஸும் சுத்தமா இருக்கும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கிடுங்க, ஃபிகருக்கு பிரவுசரே ரெண்டு பக்கமும் 40 பிக்சல் மார்ஜின், அதான் வெளிப்பக்க இடைவெளி, வச்சிருக்கும். "படம் ஏன் உள்ள தள்ளி நிக்குது, பேடிங் எல்லாம் ஜீரோ ஆக்கிட்டேனே"ன்னு கேக்குத முக்காவாசிப் பேருக்கு பதில் இதான். ஃபிகர்ல மார்ஜின் 0னு ஒரு வரி, முடிஞ்சிது.

ஆல்ட்லயும் கேப்ஷன்லயும் ஒரே வரிய போடலாமா?

வேண்டாம். படம் தெரியாதவங்களுக்கு படத்துல என்ன இருக்குன்னு சொல்லுதது ஆல்ட், படத்த பாத்துக்கிட்டு இருக்கவங்களுக்கு தெரியாதத சொல்லுதது கேப்ஷன். கூந்தன்குளத்துல எடுத்த படம்னா ஆல்ட் "கருவேல மரத்துல கூடு கட்டி நிக்குத ரெண்டு மஞ்சமூக்கு நாரை", கேப்ஷன் "கூந்தன்குளம், ஜனவரி, காலைல ஆறரை மணி". ரெண்டுலயும் ஒண்ணையே போட்டா ஸ்கிரீன் ரீடர் ஒரே வரிய ரெண்டு தடவ படிக்கும், கேக்கவங்களுக்கு எரிச்சலா இருக்கும்லா.

கேப்ஷன் நீளமா இருந்தா படத்த விட்டு வெளிய ஓடுதே, படத்தோட அகலத்துக்குள்ளயே மடிய வைக்க முடியாதா?

இதான் நெறைய பேரு முட்டிக்கிட்டு நிக்குத இடம், அதனால கொஞ்சம் பைய சொல்லுதேன். பிரச்சின என்னன்னா, படத்தோட அகலத்துக்கு சுருங்கட்டும்னு ஃபிகர இன்லைன்-பிளாக்கோ ஃப்ளோட்டோ ஆக்கினா, அந்தப் பெட்டி தன்னோட அகலத்த உள்ள இருக்கதுல எது பெருசோ அத வச்சு முடிவு பண்ணும். 300 பிக்சல் படத்துக்கு கீழ "சுலோச்சன முதலியார் பாலத்துக்கு கீழ தாமிரபரணி, 1843ல கட்டின பாலம், தண்ணி பாதி தூண் வரைக்கும் வந்த அன்னைக்கு எடுத்தது"ன்னு நீங்க எழுதினா, அந்த வரிதான் பெருசு, பெட்டி வரியோட அகலத்துக்கு விரிஞ்சிரும். படம் ஒரு மூலையில ஒட்டிக்கிட்டு நிக்கும், பந்தி இலையில ஊறுகாய் வச்ச மாதிரி.

இதுக்கு பழைய ஆளுக ஃபிகர டிஸ்ப்ளே டேபிள் ஆக்கி, ஃபிக்கேப்ஷன டேபிள்-கேப்ஷன் ஆக்கி, கேப்ஷன்-சைட் பாட்டம் போடுவாவ. அதுவும் ஓடும். இன்னும் சில பேரு ஃபிகருக்கு விட்த் மின்-கன்டென்ட் குடுப்பாவ, அங்கதான் ஒரு குழி இருக்கு. போன்ல படம் சுருங்கட்டும்னு நம்ம எல்லாரும் படத்துக்கு மேக்ஸ்-விட்த் 100% போட்டுத்தான வச்சிருக்கோம், அப்படி சதவீதத்துல போட்ட படத்த மின்-கன்டென்ட் கணக்கு போடும்போது பிரவுசர் அகலம் ஜீரோன்னு எடுத்துக்கிடும். அப்ப கேப்ஷன்ல உள்ள நீளமான வார்த்த எவ்வளவு அகலமோ படமும் அவ்வளவுக்கு சுருங்கிரும். தேர் படம் ஸ்டாம்ப் சைஸுக்கு வந்து நின்னத பாத்து நானே ஒரு ராத்திரி பூராவும் முழிச்சிருக்கேன்.

இப்ப நான் பண்ணுதது இது: ஃபிகருக்கு விட்த் ஃபிட்-கன்டென்ட், படத்துக்கு மேக்ஸ்-விட்த் 100% ஹைட் ஆட்டோ, ஃபிக்கேப்ஷனுக்கு விட்த் 0, மின்-விட்த் 100%. கடைசி ரெண்டும் பாக்க கிறுக்குத்தனமா இருக்கும். அகலம் கணக்கு பண்ணும்போது கேப்ஷன் "எனக்கு ஒண்ணும் வேண்டாம்"னு ஒதுங்கிக்கிடும், படத்த வச்சு அகலம் முடிவான பொறவு மின்-விட்த் வந்து முழுசா விரிச்சிரும். படம் 200 பிக்சலா இருந்தாலும் 1200 பிக்சலா இருந்தாலும் கேப்ஷன் அதுக்குத் தக்கன மடியும், நம்பர் ஒண்ணும் எழுத வேண்டாம்.

தமிழ் வார்த்தை நீளமா இருந்தா மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு நிக்குது?

நம்ம மொழி அப்படி. இங்கிலீஷ்ல நாலு வார்த்தையா பிரிச்சு எழுதுதத நம்ம ஒட்டி ஒரே வார்த்தையா எழுதுவோம். "அம்பாசமுத்திரத்துக்காரங்களுக்கெல்லாம்"னு ஒருத்தர் எழுதியிருந்தாரு, 120 பிக்சல் தம்ப்நெயிலுக்கு கீழ அது எப்படி உக்காரும்? ஓவர்ஃபுளோ-ராப் எனிவேர்னு போடுங்க, வேற வழியே இல்லன்னாதான் வார்த்தைய உடைக்கும், அதுவும் ஒத்தக் கொம்பையும் துணைக்காலையும் எழுத்த விட்டுப் பிரிக்காம முழு எழுத்தாத்தான் உடைக்கும். வேர்ட்-பிரேக் பிரேக்-ஆல் மட்டும் போட்ராதிய, அது தேவையில்லாத இடத்துலயும் கண்டபடி வெட்டும், "தாமிரப" மேல "ரணி" கீழன்னு ஆயிரும். ஆத்துக்கு நடுவுல அணை கட்டின மாதிரி.

ரெண்டு வரி கேப்ஷன்ல மேல வரி நீளமா, கீழ ஒத்த வார்த்த அனாதையா நிக்குதுன்னா டெக்ஸ்ட்-ராப் பேலன்ஸ் போட்டுப் பாருங்க. 2024ல இருந்து பெரிய பிரவுசர் எல்லாத்துலயும் ஓடுது, பழசுல ஓடலன்னாலும் நட்டம் ஒண்ணும் இல்ல, சும்மா பழையபடி மடியும்.

படத்து மேலயே எழுத்து வரணும், ஆனா படிக்க முடியல. என்ன பண்ண?

இது எனக்கு நல்லா அடி வாங்கிக் குடுத்த விஷயம். ஒரு கல்யாண ஆல்பத்துல எல்லாப் படத்துக்கும் கீழ்ப்பக்கம் வெள்ளை எழுத்துல பேரு போட்டிருந்தேன், லேப்டாப்ல பாத்தப்ப சினிமா போஸ்டர் மாதிரி இருந்துச்சு. மாப்பிள்ள வீட்டு ஆச்சி போன வாங்கிப் பாத்துட்டு "எம்பேரு மட்டும் எங்கல?"ன்னு கேட்டாவ. அந்தப் படத்துல கீழ இருந்தது பூரா வெள்ள வேட்டி. வேட்டி மேல வெள்ள எழுத்து எங்க தெரியும்?

எழுத்துக்கு பின்னால லீனியர்-கிரேடியன்ட் ஒண்ணு போடுங்க, கீழ நல்ல கருப்பு, மேல போவப் போவ ஒண்ணுமில்லாம. ஆனா எழுத்து நிக்குத உசரம் வரைக்கும் அந்தக் கருப்பு நல்லா அடர்த்தியா இருக்கணும், அதுக்கு மேலதான் கரையணும், பாதி எழுத்துலயே கரைய விட்டா மேல் வரி மறுபடியும் வேட்டிக்குள்ள போயிரும். எல்லாரும் படிக்கத மாதிரி சைட் இருக்கணும்னு உள்ள டபிள்யூசிஏஜி விதிப்படி சாதாரண சைஸ் எழுத்துக்கு பின்னணியோட வித்தியாசம் குறைஞ்சது 4.5க்கு 1, பெரிய எழுத்துன்னா 3க்கு 1. வெள்ளையான படம் ஒண்ண வச்சு சோதிச்சுப் பாருங்க, இருட்டுப் படத்துல எல்லாமே நல்லாத்தான் தெரியும்.

எழுத்த மேல தூக்கி வைக்கதுக்கு பொசிஷன் அப்சல்யூட்தான் எல்லாரும் போடுவாவ. நான் கிரிட் போடுதேன்: ஃபிகர் டிஸ்ப்ளே கிரிட், படத்துக்கும் ஃபிக்கேப்ஷனுக்கும் ரெண்டுக்கும் கிரிட்-ஏரியா 1 / 1, ஃபிக்கேப்ஷனுக்கு அலைன்-செல்ஃப் எண்ட். ரெண்டும் ஒரே கட்டத்துல ஒண்ணு மேல ஒண்ணா உக்காரும். லாபம் என்னன்னா, சின்னப் படத்துல பெரிய கேப்ஷன் வந்தா அப்சல்யூட்ல வெளிய வழியும் இல்லன்னா வெட்டுப்படும், கிரிட்ல பெட்டியே கொஞ்சம் வளந்து குடுக்கும்.

மவுஸ வச்சா மட்டும் கேப்ஷன் தெரியுத மாதிரி பண்ணினேன், போன்ல வரவே மாட்டேங்கு?

போன்ல மவுஸ் ஏது? ஊர்ல பாதிப் பேரு போன்லதான் பாக்காவ. முதல்ல கேப்ஷன எப்பவும் தெரியுத மாதிரி வைங்க, பொறவு மவுஸ் உள்ள சிஸ்டத்துக்கு மட்டும் ஓடுத மீடியா ஹோவர் ஹோவர்னு உள்ள கண்டிஷனுக்குள்ள மட்டும் மறைக்கத எழுதுங்க. கீபோர்டுல வாரவங்களுக்கு ஃபோக்கஸ்-வித்தின் சேத்துக்கிடுங்க. என்னைக் கேட்டா கேப்ஷன மறைக்கதே எனக்குப் புடிக்காது, அவ்வளவு கஷ்டப்பட்டு எழுதிட்டு எதுக்குவே ஒளிச்சு வைக்கணும்?

ஒரே வரிசையில உள்ள படத்துக்கெல்லாம் கேப்ஷன் மேலயும் கீழயுமா நிக்குது, நேரா நிக்க வைக்கணும்?

சப்கிரிட். வெளி கேலரி கிரிட்டா இருக்கணும், ஒவ்வொரு ஃபிகருக்கும் டிஸ்ப்ளே கிரிட், கிரிட்-ரோ ஸ்பேன் 2, கிரிட்-டெம்ப்ளேட்-ரோஸ் சப்கிரிட். படம் ஒரு வரியில, எழுத்து அடுத்த வரியில, பக்கத்துல உள்ள எல்லாரும் அதே கோட்டுல நிப்பாவ. வெளி கிரிட்டோட கேப் உள்ளயும் வந்துரும், அதனால படத்துக்கும் எழுத்துக்கும் நடுவுல பெரிய ஓட்டை தெரிஞ்சா ஃபிகர்ல ரோ-கேப்ப தனியா குறைச்சுக்கிடணும். 2023 கடைசியில இருந்து குரோம், ஃபயர்பாக்ஸ், சஃபாரி மூணுலயும் ஓடுது.

ரெண்டு வரிக்கு மேல போனா மூணு புள்ளி வச்சு வெட்டணும்னா?

வெப்கிட்-லைன்-கிளாம்ப் 2. அதுகூட டிஸ்ப்ளேக்கு வெப்கிட்-பாக்ஸ், வெப்கிட்-பாக்ஸ்-ஓரியன்ட் வெர்டிக்கல், ஓவர்ஃபுளோ ஹிட்டன், வெப்கிட்டுக்கு முன்னால ஒரு ஹைஃபன்னு பழைய மந்திரம் மாதிரி நாலு வரி சேந்தே வரணும், ஒண்ண விட்டாலும் வேல செய்யாது. தமிழுக்கு ஒரு எச்சரிக்க. லைன்-ஹைட்ட, அதான் ஒரு வரிக்கு உள்ள உசரத்த, 1 இல்லன்னா 1.2ன்னு இறுக்கி வச்சு ஓவர்ஃபுளோ ஹிட்டனும் போட்டா முதல் வரியோட தல வெட்டுப்படும். ஒரு தடவ "சீவலப்பேரி"ன்னு எழுதின கேப்ஷன் ஸ்கிரீன்ல "சிவலப்பேரி"ன்னு நின்னுச்சு. நெடில் சுழி மட்டும் மேல வெட்டுப்பட்டுருக்கு, எனக்குத் தெரியல, அந்த ஊர்க்காரரு போன் போட்டு "ஊர் பேரயே மாத்திட்டீரே"ன்னு கேட்டப்பதான் தெரிஞ்சிது. லைன்-ஹைட் 1.6 வைங்க, மேல ரெண்டு மூணு பிக்சல் பேடிங்கும் குடுங்க, ஓவர்ஃபுளோ ஹிட்டன் பேடிங் ஓரத்துலதான் வெட்டும், அதனால சுழி தப்பிச்சிரும்.

எந்த ஃபான்ட் போடலாம்? கேப்ஷன சாய்வெழுத்துல போடலாமா?

நோட்டோ சான்ஸ் தமிழ், ஹிந்த் மதுரை, கேட்டமரன், முக்த மலர், எல்லாமே இலவசம்தான், சின்ன சைஸ்ல எனக்கு ஹிந்த் மதுரை கண்ணுக்கு சொகமா இருக்கு. சாய்வு வேண்டாம். தமிழ் ஃபான்ட் நெறையத்துல இட்டாலிக்னு தனியா ஒண்ணு கிடையாது, பிரவுசரே நேர் எழுத்தப் புடிச்சு சாச்சு விடும், கோட்டியான் எழுதின மாதிரி இருக்கும். டெம்ப்ளேட்ல ஏற்கெனவே இட்டாலிக் இருந்தா ஃபான்ட்-ஸ்டைல் நார்மல்னு திருப்பிருங்க. சைஸ் ரெம்ல, அதான் பிரவுசர்ல வச்சிருக்க எழுத்து சைஸப் பொறுத்த அளவுல, குடுங்க, பிக்சல்ல வேண்டாம், வயசானவங்க பிரவுசர்ல எழுத்து சைஸ கூட்டி வச்சிருப்பாவ, பிக்சல்ல குடுத்தா அதுக்கு அசையாது.

சிஎஸ்எஸ்ஸ எந்த ஃபைல்ல எழுதணும்?

தீமோட, அதான் சைட்டோட ரெடிமேட் தோற்றத்தோட, சொந்த ஃபைல்ல மட்டும் எழுதாதிய. நான் எழுதினேன். ஒரு கோவில் கொடைக்கு முந்தின நாள், அப்ப வச்சிருந்த கேலரி சாஃப்ட்வேர்ல அப்டேட் பட்டன் செவப்பா மின்னிக்கிட்டு இருந்துச்சு, சவம் அமுக்கித் தொலைப்போம்னு அமுக்கினேன், மூணு மாசம் செதுக்கின கேப்ஷன் பூரா போச்சு, புது ஃபைல் வந்து பழசு மேல உக்காந்துட்டு. சாமக்கொடை முடிஞ்சு எல்லாரும் படையல் சோத்துக்கு உக்காந்தப்ப நான் லேப்டாப்போட உக்காந்திருந்தேன்.

பிவிகோங்கிற கேலரி சாஃப்ட்வேர் வச்சிருந்தா அதுகூடயே லோக்கல்ஃபைல்ஸ் எடிட்டர்னு ஒரு பிளகின், அதான் துணைப் புரோகிராம், வரும், அதுல உங்க சிஎஸ்எஸ்ஸ எழுதினா தீம் அப்டேட் அதத் தொடாது. வேர்ட்பிரஸ்ல அடிஷனல் சிஎஸ்எஸ்னு ஒரு பெட்டி 2016ல வந்த 4.7ல இருந்தே இருக்கு, புது பிளாக் தீம்னா ஸ்டைல்ஸ் பக்கத்துக்குள்ள தேடுங்க. அது போக ஒரு காப்பி உங்க சிஸ்டத்துலயும் வச்சுக்கிடுங்க.

எழுதிட்டேன் அண்ணாச்சி, ஆனா ஒண்ணும் மாறவே மாட்டேங்கு?

கண்ட்ரோல் எஃப்5 அடிச்சீரா? அடிச்சும் மாறலன்னா கேப்ஷன் மேல ரைட் கிளிக், இன்ஸ்பெக்ட். உங்க வரி லிஸ்ட்லயே இல்லன்னா செலக்டர், அதான் ரூல் எதுக்குன்னு சொல்லுத பேரு, தப்பு இல்லன்னா ஃபைலே வரல. இருந்து கோடு அடிச்சிருந்தா தீமோட செலக்டர் உங்களத விட கனமா இருக்குன்னு அர்த்தம், தீம் ரெண்டு கிளாஸ் பேரு போட்டிருந்தா நீங்களும் ரெண்டு போடணும். இம்பார்ட்டன்ட் போட்டு அமுக்கலாம்தான், ஆனா பத்து எடத்துல போட்டுட்டா பதினோராவது எடத்துல நீங்களே உங்க கூட சண்டை போடணும்.

ஒவ்வொரு ஆல்பத்துக்கும் கேப்ஷன் வேற மாதிரி வேணும், தனித்தனியா எழுதணுமா?

வேண்டவே வேண்டாம், வேரியபிள் போடுங்க. ஃபிக்கேப்ஷன் ரூல் ஒரே ஒரு தடவ எழுதி, கலர், பின்னணி, அலைன்மென்ட், சைஸ் நாலையும் வார்-ங்கிற ஃபங்ஷன் மூலமா எடுத்துக்கிடணும். பொறவு கல்யாண ஆல்பத்தோட கிளாஸ்ல நாலு வேரியபிள் மதிப்ப மட்டும் மாத்துங்க, கொடை ஆல்பத்துக்கு வேற நாலு. எனக்கு தேர் ஆல்பத்துக்கு குங்குமச் செவப்பு, குற்றாலம், மணிமுத்தாறு அருவிப் படத்துக்கெல்லாம் பின்னணியே இல்லாம சாம்பல் எழுத்து, ரூல் ஒண்ணுதான்.

படம் பெருசா இருந்தா எழுத்தும் கொஞ்சம் பெருசாவணும்னா வெளிப் பெட்டியோட அகலத்த பாத்து ஸ்டைல மாத்துத கன்டெய்னர் குவெரி இருக்கு, 2023 பிப்ரவரியில இருந்து எல்லா பெரிய பிரவுசர்லயும் ஓடுது. ஃபான்ட்-சைஸ்க்கு கிளாம்ப் போட்டு நடுவுல சிகியூஐ யூனிட் குடுத்தா பெட்டி அகலத்துக்கு தக்கன வளரும். ஆனா கன்டெய்னர்-டைப் இன்லைன்-சைஸ்ஸ ஃபிகர்லயே போட்டுராதிய. மேல சொன்ன ஃபிட்-கன்டென்ட் அகலத்தோட அது ஒத்துப் போவாது, உள்ள இருக்கத வச்சு அகலம் பாக்காதன்னு அது சொல்லும், உள்ள இருக்கத வச்சுதான் பாக்கணும்னு இது சொல்லும், கடைசியில அகலம் ஜீரோ. ஃபிகருக்கு வெளிய உள்ள எல்ஐயில, அதான் லிஸ்ட் டேக்ல, போடுங்க.

படத்த கிளிக் பண்ணி பெருசா பாக்கும்போது கேப்ஷன் ஸ்டைல் போயிருதே?

படத்த பெருசாக்கிக் காட்டுத லைட்பாக்ஸ் அந்தப் பெரிய படத்த உங்க கேலரிக்குள்ள திறக்காது, பாடியோட கடைசியில புதுசா ஒரு பெட்டி போட்டு அங்க திறக்கும். அப்ப "கேலரிக்குள்ள இருக்க ஃபிக்கேப்ஷன்"னு எழுதின ரூல் அங்க எட்டாது, கேலரி கிளாஸ்ல வச்ச வேரியபிளும் எட்டாது. பொதுவான வேரியபிள ரூட்ல, அதான் பக்கத்தோட உச்சியில, வைங்க, லைட்பாக்ஸோட கேப்ஷன் கிளாஸ் பேர இன்ஸ்பெக்ட்ல பாத்து அதையும் செலக்டர்ல சேருங்க. ஃபோட்டோஸ்வைப் 5ங்கிற லைட்பாக்ஸ் வச்சிருக்கவங்களுக்கு கேப்ஷனே வரலன்னா அது உங்க தப்பு இல்ல, அதுல கேப்ஷன் கூடவே வராது, தனி பிளகின் போடணும்.

படம் எடிட் பண்ணுத லைட்ரூம்லயே கேப்ஷன் எழுதி ஏத்துனா பாதியில வெட்டுப்படுது, சில நேரம் கட்டம் கட்டமா வருது?

இது சிஎஸ்எஸ் இல்ல, ஆனாலும் கேக்காவ. படத்துக்குள்ள எழுதுத ஐபிடிசி கேப்ஷனுக்கு பழைய முறையில 2000 பைட்தான் எல்லை. எழுத்த கம்ப்யூட்டர்ல சேமிக்குத முறையான யுடிஎஃப்-8ல தமிழ் ஒவ்வொரு குறியும் 3 பைட், "நெல்லை"ன்னு எழுதினாலே புள்ளி, கொம்பு எல்லாம் சேத்து 6 குறி, 18 பைட். ஆக இங்கிலீஷ்காரன் 2000 எழுத்து எழுதுத எடத்துல நமக்கு 666 குறிதான். கதை எழுதாம நாலு வரியில முடிங்க. எழுத்து கட்டமாவோ கன்னாபின்னான்னோ வந்தா அந்த ஐபிடிசிக்குள்ள யுடிஎஃப்-8ங்கிற அடையாளம் இல்லாம சேவ் ஆயிருக்கும். வேர்ட்பிரஸ் படத்த ஏத்தும்போதே அந்த கேப்ஷன தானா எடுத்துக்கிடும், அதனால ஒரு படத்த மட்டும் முதல்ல ஏத்திப் பாத்துட்டு மிச்ச 400 படத்த ஏத்துங்க.

கேப்ஷன் பெட்டியில என்டர் தட்டி ரெண்டு வரியா எழுதினேன், சைட்ல ஒரே வரியா வருது?

ஃபிக்கேப்ஷன்ல ஒயிட்-ஸ்பேஸ் ப்ரீ-லைன். நீங்க தட்டின என்டர் அப்படியே நிக்கும், எடம் பத்தலன்னா தானா மடியவும் செய்யும். வெறும் ப்ரீன்னு போட்டுராதிய, அது மடியாது, மறுபடியும் படத்த விட்டு வெளிய ஓடும்.